மூன்று டிகிரி

அத்தையின் இடது கால் எக்ஸ்ரே ஒரு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. சாதாரண எக்ஸ்ரே இல்லை. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, நிற்க வைத்து, ஒரே நீளமாக எடுத்த படம். அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, காலண்டர் விற்கிறவன் என்று நினைத்து ஒருவர் விலை கேட்டார்.

நான்கு வருடம் முன்னால் அத்தைக்கு வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நாகர்கோவிலிலேயேதான். எந்தக் குறையும் சொல்ல முடியாது. சீழ் பிடிக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை, வலி போய்விட்டது. டாக்டர் புதுப் படத்தின்மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்து, "நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்கு பாருங்கம்மா" என்றார். எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து அத்தை சொன்னாள்: "நேரா இருக்கு, கொள்ளாம். ஆனா இது எனக்க காலு இல்ல, கேட்டியா மக்களே."

நாங்கள் சிரித்தோம். கோபால்ட் குரோமியமும் பிளாஸ்டிக்கும் வைத்திருக்கிறது, பின்னே யாருடைய காலாம் என்று கேலி செய்தோம். அத்தை அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 

இப்போது இடது முட்டு. டாக்டர் வேறு, வயதில் இளையவர். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதுவரை எங்களிடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "முழுசா நேராக்கிரலாமாம்மா? இல்ல உங்க பழைய வளைவுல கொஞ்சம் விட்டு வைக்கலாமா?" அத்தை என்னைப் பார்த்தாள். நான் படித்தது பி.காம். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். அதற்கப்புறம் படிக்கத் தொடங்கினேன். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூற்று முப்பது வருடச் சண்டை இருக்கிறது என்று தெரியாது.

முதலில் அந்தக் கோடு என்ன என்று பார்த்துவிடலாம். தொடை எலும்பின் உச்சியில், இடுப்புக் குழிக்குள் உட்காரும் பந்து ஒன்று இருக்கிறது. அந்தப் பந்தின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால், நேரான காலில் அது முழங்காலின் மையத்தை ஒட்டிப் போகும். உடம்பின் பாரம் இறங்கும் கோடு அது. பெல்ஜியத்துக்காரர் பால் மாக்கே பெயரால் மாக்கே கோடு என்றும் சொல்வார்கள். கால் வில்லாக வளைந்திருந்தால் கோடு முட்டின் உட்புறமாக விழும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டுமேல் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஏறுகிறது. அறுபது கிலோ ஆளுக்கு நூற்றிருபது, நூற்றெண்பது கிலோ. அதில் பாதிக்கு மேல், அறுபது எழுபது சதவீதம், நல்ல காலிலேயே உட்பக்கம்தான் போகிறது. கால் வளைய வளைய அந்தப் பங்கு கூடும். ஒரு கால் குட்டையான கட்டிலில் படுத்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக உருண்டு சேர்வது மாதிரி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும். நேரான காலிலும் மூட்டின் பரப்பு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதில்லை. கெண்டைக்கால் எலும்பின் மேல்முகம் சுமார் மூன்று டிகிரி உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. தொடை எலும்பின் கீழ்முகம் அதற்கு ஈடாகச் சாய்ந்து அதை வாங்கிக்கொள்கிறது. கொத்தனார் கண்ணுக்கு இது கோணல். ஆனால் நடக்கும்போது நாம் கால்களை அகட்டி வைப்பதில்லை, உடம்பின் நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுவந்து வைக்கிறோம். அப்போது கால் லேசாகச் சாயும், மூட்டுப் பரப்பு தரைக்கு இணையாக வந்துவிடும். நிற்கையில் கோணல், நடக்கையில் மட்டம்.

இந்த மூன்று டிகிரியை என்ன செய்வது என்பதுதான் மொத்தச் சண்டையும்.

தொடக்கத்தில் யாருக்கும் அந்தக் கவலையே இல்லை. 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் என்ற அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தில் ஒரு கீல் செய்து முழங்காலுக்குள் வைத்தார். பைன் பிசினும் நுரைக்கல் தூளும் ஜிப்சமும் குழைத்து ஒட்டினார். காசநோய் அரித்த முட்டு அது. அவர் இப்படி வைத்த மூட்டுகள் கடைசியில் சீழ் பிடித்தே தோற்றன. அதை அவர் பொதுவில் பேசவிடாமல் தடுத்ததில் அவருக்கு மேலிருந்த பெர்க்மானுக்குப் பங்கு உண்டு.

காசநோய் என்றதும் எனக்கு ஆசாரிப்பள்ளம் ஞாபகம் வந்தது. இன்று நம் மாவட்டத்து ஆட்கள் இலவசமாக மூட்டு காட்டப் போகிற கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி 2001இல் அங்கே வந்தது. அதற்கு முன்னால் அந்த வளாகம் காசநோய் ஆஸ்பத்திரி. இந்த ஊருக்குக் கத்தி ஒன்றும் புதுசில்லை. எவரெஸ்டில் ஏறப்போன சாமர்வெல் நெய்யூரில் உட்கார்ந்து வயிற்றுப்புண் அறுத்துக்கொண்டிருந்தார். வடசேரி பக்கம் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரி நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஆனால் தேய்ந்த முட்டுக்கு அந்தக் காலத்தில் உலகத்தில் எங்கேயும் வழி கிடையாது. எண்ணெய், ஒத்தடம், கம்பு. அதற்குமேல் திண்ணை.

க்ளுக் ஏன் கீல் செய்தார்? பார்க்க முட்டு கதவு கீல் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு ஐம்பது வருடம் முன்னாலேயே, 1836இல், கட்டிங்கனில் வெபர் சகோதரர்கள் முட்டு கீல் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மடங்கும்போது தொடை எலும்பு கெண்டை எலும்பின்மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. கூடவே கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. சுழலும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காது. அதைப் போய் ஓர் ஆணியில் மாட்டிவிட்டால் திருகும் விசையெல்லாம் எங்கே போகும்? எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள ஒட்டுக்குத்தான். 1950களில் வால்டியஸ் செய்த கீல்மூட்டும் அதற்குப் பின் வந்தவையும் தளர்ந்து ஆடியதற்கு முக்கியமான காரணம் இதுதான். கீல் இன்றும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. புற்றுநோயில் எலும்பை நீளமாக வெட்டியெடுக்க வேண்டி வந்தால், தசைநார் மிச்சமில்லாத முட்டுக்கு, சுழலும் கீல்தான் வைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற இடத்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்குப் பிளாஸ்டிக் கிண்ணமும் எலும்பு சிமென்டும் கண்டு வைத்திருந்தார். அங்கே வேலைக்கு வந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968இல் அதே சாமான்களை முட்டுக்குக் கொண்டுவந்தார். ஆணி இல்லை, கீல் இல்லை. உலோக ஓட்டங்கள் பிளாஸ்டிக் தடத்தில் ஓடும், பிடித்து நிறுத்துவது ஆளுடைய சொந்தத் தசைநார்கள். இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. கீல் இருந்தவரை மூட்டை எந்தக் கோணத்தில் வைத்தாலும் கீல் பிடித்துக்கொள்ளும். கீலை எடுத்ததும் கோணம் முக்கியமாகிவிட்டது.

1974இல் நியூயார்க்கின் ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் 'டோட்டல் காண்டிலர்' என்ற மூட்டு முதலில் பொருத்தப்பட்டது. இன்று உலகம் முழுக்க வைக்கிற மூட்டுகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதை உருவாக்கியவர்கள் மூன்று பேர்: ஆங்கிலேயரான ஜான் இன்சால், பொறியாளர் பீட்டர் வாக்கர், இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன சித்தரஞ்சன் ராணாவத். கெண்டை எலும்பைப் பாரக்கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டு, தொடை எலும்பையும் செங்குத்தாக வெட்டு, கால் நேராகும், பாரம் இரண்டு பக்கமும் பிரியும். இன்சாலும் அவரைப் பின்பற்றியவர்களும் இதைப் பாடமாக்கினார்கள். அத்தையின் வலது காலில் டாக்டர் ஸ்கேல் வைத்துப் பார்த்தது இந்தப் பாடத்தைத்தான்.

மனிதருடைய காலில் மூன்று டிகிரி சாய்வு இருப்பது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பால்டிமோரில் ஹங்கர்ஃபோர்டும் கிராக்கோவும் 1980களில், இயற்கையில் இருப்பதுபோல் மூன்று டிகிரி சாய்த்தே வெட்டுவோம் என்று சொல்லிச் செய்தும் காட்டினார்கள். அது பரவவில்லை. காரணம் தத்துவம் ஒன்றும் இல்லை, கை. தொடை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி, அதில் வெட்டுச் சட்டத்தை மாட்டி, கண்ணால் பார்த்து அறுக்கிற வேலை. மூன்று டிகிரி பிசகுவது சாதாரணம். பூஜ்யத்துக்குக் குறிவைத்து மூன்று பிசகினால் மூன்றில் நிற்பாய். மூன்றுக்குக் குறிவைத்து மூன்று பிசகினால் ஆறு. ஆறு டிகிரி உட்சாய்வில் அன்றைய பிளாஸ்டிக் ஒரு பக்கமாகத் தேயும், தட்டு உள்ளே அமுங்கும், ஆட்டம் காணும். 1991இல் டென்ஹம் மூட்டு வைத்த 115 முட்டுகளைப் பின்தொடர்ந்து இங்கிலாந்தில் ஒரு கணக்கு வந்தது. பாரக்கோடு முட்டின் நடு மூன்றில் ஒரு பகுதி வழியாகப் போனவர்களில் மூட்டு தளர்ந்தது 3 சதவீதம். அதற்கு வெளியே போனவர்களில் 24 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்த டாக்டர் கோணலாக வெட்டுவார்? நானாயிருந்தாலும் வெட்டமாட்டேன்.

ஆகவே நேராக்கினார்கள். எல்லாரையும். அதற்கு ஒரு விலை இருந்தது, அது எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்று டிகிரி சாய்ந்த பரப்பைச் செங்குத்தாக வெட்டினால், காலை நீட்டும்போது இடைவெளி சரியாக இருக்கும், மடக்கும்போது உட்பக்கம் இறுகிவிடும். அதைச் சரிக்கட்ட மேலே தொடைப் பகுதியை மூன்று டிகிரி வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு கோணலை எடுத்ததற்கு இன்னொரு கோணல். பிறகும் உட்பக்கத் தசைநார் இழுத்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துத் தளர்த்த வேண்டும். அறுபது வருடமாக ஒரு வளைவுக்குப் பழகிய நார்கள், புது நேர்கோட்டுக்கு ஏற்ப நீட்டப்படுகின்றன. மூட்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் அந்த நார்களுக்கும் பங்கு உண்டு. அத்தை சொன்னதை நாங்கள் கேலி செய்திருக்கக் கூடாது.

இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் பெயர் வீட்டுத் திண்ணைவரை வந்தது ஒரு பிரதமரால். 2000 அக்டோபரில் வாஜ்பாயியின் இடது முட்டும், 2001 ஜூனில் வலது முட்டும் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் மாற்றப்பட்டன. செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த அதே ராணாவத். அப்பா சொல்வார், அந்த வருடம் கோட்டாறு சந்தையில் முட்டு வலிக்கிற ஆள் எல்லாரும் தன்னை வாஜ்பாய் என்று சொல்லிக்கொண்டார்கள் என்று. ஆனால் ஆசைப்பட்டால் மட்டும் நடக்குமா? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைக்கும்வரை, சாதாரண கோபால்ட் குரோமிய மூட்டே சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. உச்சவரம்பு வரி நீங்கலாக 54,720 ரூபாய். அத்தையின் வலது கால் நடந்தது அதற்குப் பிறகுதான். முன்னாலேயே வலி இருந்தது, பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் பூஜ்யத்தைத் தொட ஆசைப்பட்டவர்கள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். 1997 ஜனவரியில் பிரான்சின் கிரெனோபிளில் சராகாக்லியா கம்ப்யூட்டர் வழிகாட்டலோடு முதல் முட்டு மாற்றைச் செய்தார். கண்ணும் கம்பியும் போய், ஒரு டிகிரிக்குள் அளக்கிற காலம் வந்தது. நம் ஊர் பஸ் பின்புறங்களில் இப்போது பார்க்கிற ரோபோ விளம்பரங்களுக்கு அதுதான் மூத்த அண்ணன். எல்லாரும் எதிர்பார்த்தது, இனி மூட்டுகள் நெடுங்காலம் நிற்கும், மக்கள் சந்தோஷமாக நடப்பார்கள் என்று.

2010இல் இரண்டு கணக்குகள் வந்தன. மேயோ கிளினிக்கில் 398 முட்டுகளைப் பதினைந்து வருடத்துக்குப் பார்த்திருந்தார்கள்: பூஜ்யத்துக்கு மூன்று டிகிரிக்குள் அமைந்த கால்கள், வெளியே நின்ற கால்களைவிட அதிக நாள் தாங்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரிடம் விசாரித்திருந்தார்கள்: ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தன் புது முட்டில் திருப்தியில்லை என்றார். பிளாஸ்டிக்கும் சிமென்டும் மேம்பட்டிருந்தன, பழைய பயம் பழைய அளவில் நியாயமாக இல்லை. ஆனால் திருப்தி மட்டும் கூடவில்லை. அந்த ஐந்தில் ஒருவரில் எவ்வளவு பேருக்குக் கோணம்தான் காரணம் என்று கணக்குச் சொல்லாது. ஆனால் கேள்வி கிளம்பிவிட்டது: நேர் என்பது யாருடைய நேர்?

பெல்ஜியத்தில் யோஹான் பெல்லமன்ஸும் கூட்டாளிகளும் அதற்கு எளிமையான ஒன்றைச் செய்தார்கள். முட்டில் ஒரு குறையும் இல்லாத, 20 முதல் 27 வயதுவரையுள்ள 250 பேரை நிறுத்தி நீளப் படம் எடுத்தார்கள். ஆண்களில் 32 சதவீதத்துக்கும் பெண்களில் 17 சதவீதத்துக்கும் பிறவி அமைப்பே மூன்று டிகிரி அல்லது அதற்கு மேல் உள்வளைவு. நோய் இல்லை, தேய்மானம் இல்லை, அவர்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள். 2012இல் வந்த அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த விருதின் பெயர் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: சித்தரஞ்சன் ராணாவத் விருது. ராணாவத் பக்கத்துக்கு இது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையில் அன்று இருந்த ரம்பத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பூஜ்யமே சரி.

பெல்ஜியத்துக்காரர் கால் நமக்கெதற்கு என்று தோன்றலாம். மும்பையைச் சேர்ந்த மருத்துவர்கள் கொரியர்களோடு சேர்ந்து ஆரோக்கியமான இந்தியர், கொரியர் கால்களை அளந்து 2014இல் எழுதியது உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இந்த உள்வளைவு. பெல்லமன்ஸ் கட்டுரையில் இன்னொரு விஷயம்: வளரும் வயதில் அதிகம் விளையாடியவர்களிடம் வளைவு கூடுதலாக இருந்தது. வளர்கிற எலும்பின்மேல் விழும் பாரம் அதை வளைக்கிறது என்பது ஊகம். அத்தை பந்து விளையாடியதில்லை. பன்னிரண்டு வயதில் நெற்கட்டு சுமந்திருக்கிறாள். இரண்டும் ஒன்றா என்று எந்த ஆராய்ச்சியும் எனக்குச் சொல்லவில்லை, நான் பாட்டுக்கு நினைத்துக்கொள்கிறேன்.

கலிபோர்னியாவில் ஸ்டீபன் ஹோவெல் 2006ஐ ஒட்டி எதிர்த்திசையில் போனார். பாரக்கோட்டை விட்டுவிடு, தேய்வதற்கு முன் மூட்டுப் பரப்பு எங்கே இருந்ததோ அங்கேயே உலோகத்தை வை, தசைநாரைத் தொடாதே. அவர் வழியை நம்புகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் புது வழி கொஞ்சம் மேல், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. முப்பது நாற்பது வருடக் கணக்கு பழைய வழிக்குத்தான் இருக்கிறது. நிறையப் பேர் நடுவில் நிற்கிறார்கள்: ஆளுடைய வளைவை மதி, ஆனால் ஓர் எல்லைக்குள். 

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அத்தையின் இடது கால் இன்று பத்து டிகிரிக்கு மேல் வளைந்திருக்கிறது. இது பிறவி வளைவா? இல்லவே இல்லை. உட்பக்கக் குருத்தெலும்பு தேயத் தேயக் கால் உள்ளே சாய்ந்தது, சாயச் சாயத் தேய்ந்தது. அப்படியானால் அவளுடைய பழைய கால் எது? இருபது வயதில் எப்படி இருந்தது? வீட்டில் தேடினால் அவளுடைய கல்யாணப் படம் கிடைத்தது. பட்டுப்புடவை தரைவரை மூடியிருக்கிறது. அதற்கு முந்திய படம் ஒன்றில் பாவாடை, அதுவும் பாதம்வரை. எங்கள் வீட்டுப் பெண்களின் கால்களை எந்தப் புகைப்படமும் பார்த்ததில்லை.

இளைய டாக்டரிடம் இதைக் கேட்டபோது அவர் படத்தைத் திரும்ப மாட்டினார். குருத்தெலும்புதான் தேயும், எலும்பின் கோணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்றார். கெண்டை எலும்பின் மேல்முகம் அதன் அச்சோடு செய்யும் கோணத்திலிருந்து, தொடை எலும்பின் கீழ்முகம் செய்யும் கோணத்தைக் கழித்தால், தேய்வதற்கு முந்திய கால் கிடைக்கும். சிட்னியைச் சேர்ந்த மெக்டெஸ்ஸி என்பவரின் கூட்டம் முன்வைத்த கணக்கு. பி.காம். படித்தவனுக்கும் புரிகிற கழித்தல். அத்தைக்கு எண்பத்தைந்து கழித்தல் எண்பத்தெட்டு. விடை, மூன்று டிகிரி உள்வளைவு.

"அப்போ அந்தக் காலத்துலயே லேசா வில்லுக்காலுதான்" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல அப்படித்தான் விளிப்பாவ" என்றாள் அத்தை, படத்தைப் பார்த்தபடி. அறுபத்தேழு வயதில் முதல்தடவையாக எங்களிடம் இதைச் சொல்கிறாள்.

டாக்டர் தன் யோசனையைச் சொன்னார். முழுதாக நேராக்க வேண்டாம், இரண்டு மூன்று டிகிரி விட்டு வைக்கலாம், நாரை அதிகம் தளர்த்த வேண்டியிருக்காது. தரையில் சம்மணம் போடலாமா என்று அத்தை கேட்டாள். நன்றாக மடங்கும், ஆனால் அதற்காகக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றார். டோட்டல் காண்டிலரின் தொடக்கக் காலத்தில் தொண்ணூறு டிகிரி மடங்கினாலே பெரிசு. நாற்காலியில் வாழ்கிறவர்களுக்கு அது போதும், அடுக்களையில் குத்தவைத்துக் காய் நறுக்குகிறவளுக்குப் போதாது. இன்றைய மூட்டுகள் நூற்றிருபதுவரைகூடப் போகின்றன. அப்போதும் வலது காலுக்கு அத்தை வாங்கிய பிளாஸ்டிக் முக்காலி அடுக்களையைவிட்டுப் போகாது என்று தெரிந்துகொண்டாள்.

எனக்கு உறைக்காதது அவளுக்கு உறைத்தது. "அப்போ ஒரு காலு நேரா, ஒரு காலு வளைஞ்சா?"

"கொஞ்சம்தாம்மா. வெளிய பாத்தா தெரியாது."

"எனக்குத் தெரியும்லா."

டாக்டர் மறுக்கவில்லை. வலது காலைத் திரும்பத் திறந்து மாற்றுவது வலியில்லாத காலுக்குச் செய்கிற காரியமில்லை. இடதையும் முழு நேராக்கினால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே அவள் கால் இல்லை என்றாகும். விட்டு வைத்தால் ஒன்றாவது பழைய கால்போல இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் அவரும் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது.

ஆவணி கழியட்டும் என்று தேதி தள்ளி வைத்திருக்கிறோம். ஆட்டோவில் வரும்போது அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டு நடையில் மூன்று படி. வலது காலுக்கு நடந்த ஆப்ரேஷன் சமயத்தில் பிசியோ பெண் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மனப்பாடம்: ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது ஆப்ரேஷன் காலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படிக்குக் கீழே நின்றாள்.

"இனி இதுல எது மக்களே நல்ல காலு?"